சென்னை வெக்கையில் சார்டோ ஸ்டார்ட்டர் வளர்ப்பது எப்படி

கடை ஈஸ்ட் சேர்க்காமல், கோதுமை மாவையும் தண்ணீரையும் புளிக்கவைத்து, ஸ்டார்ட்டர் எனப்படும் அந்தப் புளித்த மாவைக் கொண்டே ரொட்டியை உப்பச்செய்யும் சார்டோ முறையை இணையத்தில் பார்த்துத் தொடங்குபவர்கள், அந்தக் குறிப்பு எந்த ஊர் வெப்பத்துக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பல குறிப்புகள் 21 முதல் 24 டிகிரி வரையுள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மே மாதத்தில் என் சமையல் மேடையில் வெப்பமானி 34 காட்டுகிறது. அளவுகளை ஓரளவுக்கு நம்பலாம், மணிக்கணக்கை நம்பக் கூடாது.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் 50 கிராம் முழுக் கோதுமை மாவையும், கொதிக்கவைத்து ஆறவிட்ட 50 கிராம் தண்ணீரையும் கட்டியில்லாமல் கலந்து, மூடியை இறுக்காமல் வைத்து, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். தராசு அவசியம், ஒரு கப் மாவு என்பது அள்ளும் கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். மறுநாளிலிருந்து தினமும் 50 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிட்டு, மறுபடி 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் சேர்த்து வாருங்கள்.

இரண்டாம் நாளே மாவு ரப்பர் பேண்டைத் தாண்டிப் பொங்கும். நான் அதை நம்பி அன்றே ரொட்டி சுட்டேன்; கிடைத்தது செங்கல். அந்தப் பொங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லுகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதிலும் இந்த இனத்துக்கே முக்கியப் பங்கு என்பதால், இது நம் வீட்டுக்குப் புது விருந்தாளியும் அல்ல. புளிப்பு ஏற ஏற இவை அடங்கிவிட, மூன்றாம் நான்காம் நாளில் மாவு அசைவில்லாமல் கிடக்கும். பலர் மனம் வெறுத்துக் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாமல் தொடர்ந்தால், அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட் மெல்லப் பெருகி, கெட்ட வாடை மாறி, புளித்த மோரின் மணம் வரும். பூஞ்சையோ இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடுகளோ தெரிந்தால் மட்டும் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

தினமும் தவறாமல் இருமடங்காக உயரத் தொடங்கியதும் அளவை மாற்ற வேண்டும். சம அளவில் மாவு சேர்த்தால் நம் வெக்கையில் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சரிந்து, சாம்பல் நிறத் தண்ணீர் மேலே நிற்கும். அது பசியின் அடையாளம். 10 கிராம் பழைய மாவுக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் என்று காலையும் மாலையும் கொடுத்தால் நிதானப்படும். குவிந்த மேற்பரப்பு தட்டையாகத் தொடங்கும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ரொட்டிக்கு எடுக்க வேண்டிய நேரம் அதுவே.

ரொட்டிக்கு 500 கிராம் மைதா, 100 கிராம் ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. தண்ணீர் 350 கிராம் என்று குறிப்பில் இருந்தாலும் 300 கிராமில் தொடங்குங்கள், ஏனெனில் நம் சாதாரண மைதா, ரொட்டிக்கென்றே விற்கும் மாவு அளவுக்கு நீரைத் தாங்குவதில்லை. பிசைந்ததும் ஓர் உருண்டையைச் சிறு கண்ணாடி டம்ளரில் அழுத்திக் கோடு போட்டு வைத்தால், அது ஒன்றரை மடங்கு உயர்வதைப் பார்த்தே பெரிய மாவை வடிவமைக்கலாம். இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் 230 டிகிரியில் மூடிய பாத்திரத்தில் 25 நிமிடமும் திறந்து 20 நிமிடமும் சுடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் இரண்டாவது ரொட்டிக்குத் தண்ணீர், மாவு, நேரம் மூன்றையும் ஒருசேர மாற்றினேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க மேலும் நான்கு தடவை சுட வேண்டியிருந்தது. நேரத்தைக் குறைத்ததே காரணம். ஸ்டார்ட்டர் பக்குவப்பட்ட பிறகு மிஞ்சும் மாவைக் கொட்ட வேண்டாம். வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துக் கரைத்தால் கோதுமை தோசை ரவா தோசையைப் போல முறுகலாக வருகிறது.