சோத்தே: சொல்லை அறிந்து சமைக்கும் முறை

பிரெஞ்சு மொழியில் 'சோத்தே' என்றால் குதிக்கவைக்கப்பட்டது என்று பொருள். நடனமாடுதலைக் குறிக்கும் 'சல்தாரே' என்னும் லத்தீன் வினையே இதன் மூலம். பாலே நடனத்தில் குதித்துச் செய்யும் அசைவுகளையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். சமையல் குறிப்பில் இச்சொல்லைக் காணும்போது 'வதக்கு' என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது என்பேன், ஏனெனில் இது நன்கு சூடான வாணலியில் சிறிதளவு எண்ணெயில் வதக்கும் முறை; மூடிவைத்து மெல்ல வதக்கினால் இதற்குரிய சுவை கிடைக்காது.

காய்கறியையோ காளானையோ இறைச்சியையோ ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துணியால் ஒற்றியெடுங்கள். இதில் கவனம் மிகவும் தேவை: ஈரம் ஆவியாகித் தீரும்வரை உணவின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், பொன்னிறத்தையும் மணத்தையும் தரும் மையார் வினையோ 140 டிகிரி அளவில்தான் வேகம் பெறுகிறது. அகன்ற வாணலியை நன்கு சூடாக்கி, அடியில் மெல்லிதாகப் பரவும் அளவே எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒரே அடுக்காக இடுங்கள். நெருக்கி அடைத்தால், கசியும் நீரிலேயே அவை வெந்துவிடும்.

அடிப்பக்கம் சிவந்தபின் வாணலியை முன்னே தள்ளிச் சட்டென்று பின்னிழுத்தால், துண்டுகள் சரிந்த விளிம்பில் ஏறிக் குதித்துப் புரளும். பெயருக்குக் காரணமான செயல் இதுவே. இதற்கென்றே விளிம்பு சரிவாக அமைந்த வாணலிக்கு 'சோத்தேஸ்' என்று பெயர். கரண்டியால் புரட்டுவதும் தவறில்லை.

உணவை எடுத்தபின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவைக் கழுவி வீணாக்காதீர்கள். சிறிது வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக் கொதிக்கவிட்டால், அதுவே அந்த உணவுக்கு ஏற்ற சாஸ் ஆகிவிடும்.