குதிகால் நாண் வலி: எங்கே வலிக்கிறது, எப்படிச் சுமை ஏற்றுவது

காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் முதல் பத்து அடிக்குக் குதிகாலின் பின்பக்கம் கட்டைபோல் விறைத்திருக்கும். பல் துலக்கி முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். நடக்கப் போனால் முதல் ஐந்து நிமிடம் வலி, பிறகு மறந்தே போகும், சாயங்காலம் மறுபடி தலைகாட்டும். இந்த வரிசை இருந்தால் பெரும்பாலும் அகில்லஸ் தசைநாண்தான் காரணம். 'குதிகால் நரம்பு இழுக்குது' என்று பேச்சில் சொல்கிறோம். அது நரம்பில்லை. கெண்டைக்காலின் இரண்டு தசைகள் கீழே ஒன்றுசேர்ந்து குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கும், சுமார் 15 செ.மீ. நீளமுள்ள கயிறு. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல் ஆறேழு மடங்கு இழுவிசையை அது தாங்குகிறது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைக் கிள்ளுவதுபோல் பிடித்து, எலும்பிலிருந்து மேல்நோக்கி நகருங்கள். எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, சற்றே தடித்த இடத்தில் வலித்தால் அது நடுப்பகுதி வலி. நாண் எலும்பைத் தொடும் இடத்திலேயே வலித்தால் அது பிடிப்பு வலி. இரண்டுக்கும் பயிற்சி ஒன்றல்ல. உள்ளங்கால் பக்கம் குதிகாலுக்கு அடியில் வலித்தால் அது வேறு பிரச்சினை, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. விளையாடும்போது 'டப்' என்ற சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோன்ற உணர்வு, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வேறொருவரைக் கெண்டைக்காலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். விரலை அசைக்க முடிகிறது, நொண்டியாவது நடக்க முடிகிறது என்பதை வைத்து 'அறுந்திருக்காது' என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேறு தசைகள் அந்த வேலையைச் செய்துவிடும்.

அறுபடாத, நாள்பட்ட வலியில் பெரும்பங்கு அழற்சி இல்லை. தாங்கும் அளவைத் தாண்டிய சுமை திரும்பத் திரும்ப விழுந்ததால் நார்கள் வரிசை குலைந்து, நாண் நீர் கோத்துத் தடித்திருக்கிறது. அதனால்தான் தைலமும் வலி மாத்திரையும் மணிக்கணக்கில் மட்டும் உதவுகின்றன. முழு ஓய்வும் ஏமாற்றும். இரண்டு வாரத்தில் வலி குறையும், அதே இரண்டு வாரத்தில் கெண்டைக்காலும் நாணும் பலம் இழக்கும், திரும்பப் போன முதல் நாளே வலி வந்து நிற்கும். நாணைத் தேற்றுவது அளந்து ஏற்றிய சுமைதான்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போகலாம். மறுநாள் காலை விறைப்பு வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. ஏறினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

நடுப்பகுதி வலிக்குப் பெயர்பெற்ற முறை ஸ்வீடனின் உமெயோ நகரில் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்டது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எழும்புங்கள். எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்குங்கள். மேலே ஏற நல்ல காலைப் பயன்படுத்துங்கள். முழங்காலை நீட்டியபடி 15 முறை, மூன்று சுற்று. லேசாக மடக்கியபடி அதேபோல் மூன்று சுற்று, மடக்கினால்தான் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை போகும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, 12 வாரம். நாளைக்கு 180 தடவை. வலியில்லாமல் செய்ய முடிகிற நாளில் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு கூட்டுங்கள். படியில் ஒற்றைக் காலில் இறக்குவதே 5-ஐத் தாண்டினால், முதல் இரண்டு வாரம் சமதரையில் இரண்டு காலாலும் எழும்பி இறங்குவது போதும்.

வேலைக்குப் போகிறவர்கள் இந்த 180-ஐ மூன்றாம் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு மாற்று, கனமான எடையோடு குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் முறை: வாரத்தில் 3 நாள் மட்டும், ஏற 3 நொடி, இறங்க 3 நொடி. முதல் வாரம் 15 முறைக்கு மேல் முடியாத எடையில் தொடங்கி, எடையைக் கூட்டிக்கொண்டே 12, 10, 8 என இறங்கி, 9-ஆம் வாரத்திலிருந்து 6 முறைதான் தூக்க முடிகிற எடைக்கு வர வேண்டும். டென்மார்க்கில் 2015-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஜிம் பக்கத்தில் இருந்தால் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

பிடிப்பு வலியில் படி விளிம்பு வேண்டாம். குதிகால் கீழே போகப் போக நாண் எலும்பின்மேல் நசுங்குகிறது, வலிக்கு அதுவே காரணம். எல்லாவற்றையும் சமதரையிலேயே செய்யுங்கள். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சிகளையும் நிறுத்துங்கள், இதமாக இருந்தாலும்கூட. இந்தியன் கழிப்பறையில் குதிகால் தரையில் படியக் குந்துவதும் இதே நசுக்கல்தான், சில மாதங்களுக்கு வெஸ்டர்ன் நல்லது. இரண்டு காலணிகளிலும் 1 முதல் 1.5 செ.மீ. குதிகால் திண்டு வையுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடும் தட்டையான ரப்பர் செருப்போடும் நடப்பதைக் குறையுங்கள்.

எண்ணெய் போட்டு உருவுவதானால் கெண்டைக்காலோடு நிறுத்துங்கள். தடித்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் அது கரையாது, கோபப்படும். தினமும் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது அறுபடும் ஆபத்தைக் கூட்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி குறையவில்லை என்றால் அதிர்வலைச் சிகிச்சை (வெளியிலிருந்து கருவியால் நாணுக்குள் அதிர்வலை செலுத்துவது) பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

சில வலிகளுக்குக் காரணம் ஓட்டமே இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வலி தொடங்கினால் உடனே எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, விடியற்காலையில் முதுகும் விறைத்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நாணும் வலியில்லாமல் தடித்துக்கொண்டே போனால் அங்கே கொழுப்பு படிகிறதோ என்னவோ, ரத்தக் கொழுப்புப் பரிசோதனை அவசியம்.

ஓட்டத்துக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமமாக வரட்டும், 20-ஐத் தாண்டினால் நல்லது. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம். மேட்டில் ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஓடத் தொடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி தொடரட்டும்.