ஜாங்கோ மைக்ரேஷன் இடறினால்: பின்வாங்கும் முறை, படிப்படியாக

ஜாங்கோ, பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கட்டமைப்பு. அதில் டேட்டாபேஸ் டேபிள்களில் செய்யவேண்டிய மாற்றங்களை எழுதிவைக்கும் பைல்தான் மைக்ரேஷன்; அதை ஓட்டுவது மைக்ரேட் கட்டளை. அந்தக் கட்டளை பிழை காட்டியதும் புதியவர்கள் பலர் மைக்ரேஷன் பைலைத்தான் முதலில் அழிக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். பின்வாங்கும் வழியும் அந்தப் பைலுக்குள்தான் இருக்கிறது.

எந்தெந்த மைக்ரேஷன் ஓடி முடிந்தது என்பதை ஜாங்கோ, டேட்டாபேஸில் 'ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்' என்ற டேபிளில் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பை மட்டுமே நம்பும்; உங்கள் டேபிள்களைத் திறந்து சரிபார்க்காது. ஏட்டில் ஒன்றும் கிடங்கில் வேறொன்றுமாக இருந்தால் சிக்கல் அங்கேதான்.

படி 1: நிலையை அறிதல்

ஆர்டர்ஸ் என்ற ஆப்பில் (ஜாங்கோ ப்ராஜெக்ட்டின் ஒரு பகுதி) 0007 ஆவது மைக்ரேஷன் இடறியதாக வைத்துக்கொள்வோம். 'ஷோமைக்ரேஷன்ஸ் ஆர்டர்ஸ்' ஓட்டினால், ஓடி முடிந்தவற்றின் பக்கத்தில் எக்ஸ் குறி இருக்கும். அதோடு நிற்காமல், டேட்டாபேஸுக்குள் போய் டேபிளின் உண்மையான காலம்களையும் (நெடுவரிசைகளையும்) பாருங்கள்.

உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு மைக்ரேஷன் முழுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஓடுவதால், நடுவில் பிழை வந்தால் எல்லாமே பழையபடி ஆகிவிடும். காரணத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டினால் போதும். யூனிக் விதி போடும் காலமில் ஏற்கெனவே இரட்டை மதிப்புகள் இருப்பது அடிக்கடி வரும் காரணம். இதற்கு விலக்கு, அட்டாமிக் ஃபால்ஸ் என்று வைத்து (அதாவது டிரான்ஸாக்ஷன் இல்லாமல்), டேபிளில் எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுவது. அது தோற்றால் இன்வேலிட் நிலையில் ஒரு இன்டெக்ஸ் தங்கிவிடும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மைஎஸ்க்யூஎல் அப்படியில்லை. டேபிளை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அங்கே உடனே நிலைத்துவிடும். மூன்று மாற்றங்களில் மூன்றாவது தோற்றால், முதல் இரண்டும் டேபிளில் இருக்கும், ஏட்டில் குறிப்பு இருக்காது. மறுபடி ஓட்டினால் 'டூப்ளிகேட் காலம்' என்று பிழை வரும். 'எஸ்க்யூஎல்மைக்ரேட் ஆர்டர்ஸ் 0007' காட்டும் கட்டளைகளைப் பார்த்து, நடந்த இரண்டையும் கையால் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இங்கே ஃபேக் விருப்பத்தைத் தொடவேண்டாம். அது ஏட்டை மட்டும் திருத்தும், டேபிளை மாற்றாது.

படி 2: நகல்

பிஜி_டம்ப் அல்லது மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு முழு நகல் எடுங்கள். சோதனை டேட்டாபேஸில் அதை ஏற்றியும் பாருங்கள்.

படி 3: ஒத்திகை

0007 ஓடி முடிந்தபின் அதில் தவறு தெரிந்தால், கட்டளை 'மைக்ரேட் ஆர்டர்ஸ் 0006'. எதில் போய் நிற்க வேண்டுமோ அந்த எண்ணைத்தான் தரவேண்டும். 0007 என்று கொடுத்தால் ஓட்ட எதுவுமில்லை என்றே பதில் வரும். முதலில் பிளான் விருப்பத்தோடு ஓட்டுங்கள். 0007-ஐச் சார்ந்த வேறு ஆப்களின் மைக்ரேஷன்களும் சேர்ந்தே பின்வாங்கும் என்பது அந்தப் பட்டியலில்தான் தெரியவரும்.

'இர்ரிவர்சிபிள்' பிழை வந்தால், மைக்ரேஷனுக்குள் பைத்தான் கோடை ஓட்டும் ரன்பைத்தான் பகுதிக்குத் திரும்பும் வழி எழுதப்படவில்லை என்று பெரும்பாலும் பொருள். ரிவர்ஸ்_கோட் எழுதுங்கள். திருப்ப எதுவுமே இல்லையென்றால் ரன்பைத்தான்.நோஆப் (எதுவும் செய்யாத கோட்) போதும்.

படி 4: பின்வாங்குதல்

வரிசை முக்கியம். புதிய காலமைப் பயன்படுத்தும் கோடை சர்வரிலிருந்து முதலில் இறக்குங்கள், பிறகு காலமை நீக்குங்கள். ஆனால் பழைய கோடில் 0007 பைலே இருக்காது! அதனால் பின்வாங்கும் கட்டளையை மட்டும் புதிய கோடின் பிரதியிலிருந்து ஓட்டவேண்டும். உங்கள் கணினியில் கிட் கிளை (பிராஞ்ச்) மாறும்போதும், 0007 பைல் இருக்கும் இடத்திலிருந்தே ஓட்டவேண்டும் என்ற இதே விதிதான்: முதலில் பின்வாங்குங்கள், பிறகு கிளை மாறுங்கள்.

0007 ஒரு காலமை நீக்கியிருந்தால், பின்வாங்கும்போது காலம் வரும், அதிலிருந்த தரவு வராது. நல் (வெற்று மதிப்பு) அனுமதியோ டீஃபால்ட் மதிப்போ இல்லாத காலம் என்றால், வரிசைகள் உள்ள டேபிளில் அதுவும் தோற்கலாம். அந்த நிலையில் பின்வாங்க வேண்டாம். 0008 எழுதி, நல் அனுமதியோடு காலமைச் சேர்த்து, படி 2-இல் எடுத்த நகல் 0007-க்கு முந்தையதாக இருந்தால் அதிலிருந்தும், இல்லையேல் அதற்கு முன் எடுத்த நகலிலிருந்தும் தரவை நிரப்புங்கள்.