வாசகர் அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கிறார், ஆனால் எந்தப் பக்கத்தை?

ஜனவரி புத்தகக் காட்சிக்கு அச்சகங்கள் பரபரப்பாகும்போது, புதிதாக ரேப்பர், அதாவது புத்தக அட்டை, போட வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் தங்கள் ஃபைல்களை அனுப்பி என்னிடம் கருத்துக் கேட்பார்கள். படம் நன்றாக இருக்கும், கற்பனை இருக்கும். கூடவே, இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளும் வரிசை மாறாமல் இருக்கும்.

“அட்டையைப் பார்த்தா சார் புத்தகம் வாங்குறாங்க?” என்று சிலர் கேட்கிறார்கள். தெரிந்த எழுத்தாளர் என்றால் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்கள். முதல் புத்தகம் போடுகிறவருக்கு அட்டையை விட்டால் வேறு சிபாரிசு கிடையாது. கையில் எடுக்க வைப்பது அட்டை. அப்புறம்தான் பின்னட்டை, முதல் பக்கம், விலை எல்லாம்.

படத்துக்கு ரெசல்யூஷன் 300 வேண்டும், வெட்டுக்காகச் சுற்றி 3 மி.மீ. கூடுதல் ஓரம் (ப்ளீட்) விட வேண்டும் என்பதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்பைனை (புத்தகத்தின் முதுகை) மிச்ச இடமாக நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. முகப்புக்கு இரண்டு வாரம் உழைப்பார்கள். ஸ்பைனுக்குக் கடைசி ஐந்து நிமிடம். அகலம் கேட்டால், “ஒரு செ.மீ. வச்சிருக்கேன் சார், பிரஸ்ல பாத்துப்பாங்க” என்பார்கள். பிரஸ்ஸில் பார்க்க மாட்டார்கள். அனுப்பியதை அச்சடிப்பார்கள்.

புத்தகம் முகம் காட்டி நிற்பது வெளியீட்டு விழாவிலும், புத்தகக் காட்சியின் முதல் சில நாட்களிலும்தான். புதுப் புத்தகங்கள் வந்ததும் அது ரேக்குக்குப் போய்விடும். அதன் பிறகு வாசகர் பார்ப்பது ஸ்பைனை மட்டும். நூலகத்திலும் அப்படித்தான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் ஒரு மதியம் நடந்து பாருங்கள். எத்தனை புத்தகங்களின் முகப்பு உங்கள் கண்ணில் படுகிறது?

இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நமக்கு அட்டை என்றாலே பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்தான் மனதில் நிற்கிறது. அது முகத்தைக் காட்டியே தொங்கியது. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்துக்கு ஸ்பைனே கிடையாது. அந்தக் கண்ணோடு இன்றைய புத்தகத்துக்கு ரேப்பர் போடக்கூடாது. இங்கிலாந்தில் 1935இல் பெங்குவின் பதிப்பகம் ஆரம்பித்தபோது நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று பிரித்தார்கள். அந்த நிறம் ஸ்பைனிலும் இருந்தது. வரிசையாக அடுக்கினாலும் எது எந்த வகை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

இப்போது பணம் போன கதை. ஒரு சிறு பதிப்பகம், ஒரு முதல் நாவல், 240 பக்கம். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ, அதாவது சாதாரண வெள்ளைத் தாள், என்று முடிவாகியிருந்தது. 120 தாள், தாளுக்கு ஏறத்தாழ 0.09 மி.மீ. என்று கணக்குப் போட்டு 11 மி.மீ. ஸ்பைன் வைத்தார் வடிவமைத்த பெண். கணக்கு சரி. முகப்பு வெள்ளை, ஸ்பைன் அடர் சிவப்பு. பார்க்க அழகாகவே இருந்தது. ரேப்பர் அச்சாகி லேமினேஷனும் முடிந்த பிறகு, புத்தகம் கையில் தடிமனாகத் தெரியவேண்டும் என்று பதிப்பாளர் உள்தாளை 80 ஜிஎஸ்எம் பல்க் பேப்பராக (எடைக்குத் தடிமன் கூடின தாள்) மாற்றிவிட்டார். யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. பல்க் பேப்பரில் அதே 120 தாள் 15 மி.மீ.யைத் தாண்டும்.

பைண்டர் பின்னட்டை மடிப்பைச் சரியாக வைத்து ஒட்டியிருக்கிறார். மீதி நாலரை மி.மீ.க்கு முகப்பின் வெள்ளை ஸ்பைனுக்குள் ஏறிவிட்டது. சிவப்புப் பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி, தலைப்பும் அதோடு ஒதுங்கி நின்றது. முன் ஓரத்தில் அட்டை போதவில்லை. விட்டிருந்த 3 மி.மீ. ப்ளீட் முழுதும் போய், இன்னும் ஒன்றரை மி.மீ. உள்ளே தள்ளிக் கட்டிங் போட்டார்கள். அதில் உள்பக்கத்தின் ஓர வெள்ளையும் குறைந்துபோனது.

புத்தகக் காட்சியில் ஒரு அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது டேமேஜ் காப்பி போல இருக்கு, வேற குடுங்க தம்பி” என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைப் பையன் அடுத்ததை எடுத்துக் கொடுத்தான். அதுவும் அப்படியே. அந்த அம்மா வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்தது நல்ல நாவல். வாசகர் அட்டையைப் பார்த்து முடிவெடுக்கிறாரா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே, ஸ்பைன் போடுவதற்கு முன் பிரஸ்ஸுக்கு நீங்களே போன் செய்யுங்கள். என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம், கடைசிப் பக்க எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள். நம் ஊரில் அணிந்துரை எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் வரும். அணிந்துரை, முன்னுரை, நன்றி என்று மூன்று ஃபாரம் (ஃபாரத்துக்கு 16 பக்கம்) கூடினால் 48 பக்கம், ஸ்பைனில் 2 மி.மீ. கூடுதல். அதே தாளில் அதே பக்கத்துக்கு அச்சடிக்காத வெற்று மாதிரிப் புத்தகம் (டம்மி) ஒன்று கட்டித் தரச் சொல்லி, அழுத்திப் பிடித்து ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். தாளை மாற்றினால் ரேப்பரையும் மாற்றவேண்டும் என்று பதிப்பாளருக்கு வாட்ஸப்பிலாவது எழுதிப் போட்டுவிடுங்கள்.

ஸ்பைனுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்காதீர்கள். நல்ல பைண்டிங்கிலும் ஒரு மி.மீ. நகரும். முகப்பின் நிறத்தையே ஸ்பைன் வழியாகப் பின்னட்டை வரை ஓடவிட்டால் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது.

எழுத்தை மேலிருந்து கீழாகப் படுக்கவையுங்கள். மேஜையில் முகப்பு மேலே தெரியப் புத்தகத்தை வைத்தால் தலைப்பு நேராகப் படிக்க வரும். ஒரே பதிப்பகத்தின் ரேக்கில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இருந்தால் வாசகர் கழுத்து வலித்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது தமிழுக்கு ஒத்துவராது. ‘கொ’ ஒரு அகலம், ‘ர’ ஒரு அகலம். அடுக்கினால் பல்வரிசை கெட்டதுபோல் இருக்கும்.

அடிப்பகுதியில் ஒன்றரை அங்குலத்துக்கு முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். நூலகத்தில் எண் சீட்டு ஒட்டுவது அங்கேதான். ஆசிரியர் பெயர் அதன் அடியில் மறைந்துபோன புத்தகங்கள் ஏராளம். 64 பக்கக் கவிதைத் தொகுப்பில் ஸ்பைன் 3 மி.மீ.கூட வராது. அங்கே எழுத்தே வேண்டாம்.

புத்தகத்தைப் படிக்காமல் போடுவது

நேரமில்லை என்றால் மூன்று அத்தியாயமாவது படியுங்கள். ‘கிராமத்து நாவல்’ என்று ஒரு வரி கேட்டுவிட்டு, சூரிய அஸ்தமனமும் ஒற்றைப் பனைமரமும் போட்டு அனுப்புகிறார்கள். கதை தாமிரபரணிக் கரையில் நெல் வயலில் நடக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவர் எடுத்துப் பார்த்தால் ஆசிரியர் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

கூகுளில் எடுத்த படம்

கூடாது.

தலைப்பெழுத்தை ஃபான்ட் பட்டியலில் தேடுவது

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடு அடித்தால் சில நேரம் கொம்பு தனியே பிரிந்து, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். செட்டிங்ஸில் டைப் என்பதற்குள் போய் இந்திய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். அது தெரியாமல், உடைந்த எழுத்தோடேயே அச்சுக்குப் போன அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரியாதவர் செய்த வேலை என்றே வாசகர் நினைப்பார். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வைக்கும்போது புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள். மெல்லிய ஃபான்டில் மை பரவிப் புள்ளி அடைந்துபோகும். ‘கல்’ என்பது ‘கல’ என்று நிற்கும்.

முடிந்தால் கையால் எழுதிப் பாருங்கள். ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகளைத் தேடிப் பாருங்கள், எழுத்தே படமாக நிற்கும். அந்தக் கை நம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் ஓர் எழுத்து எங்கே கனக்கிறது, எங்கே மெலிகிறது என்று எழுதிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

ஆன்லைன் அளவு

போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

பின்னட்டையில் ஐந்து பேரின் பாராட்டு

இரண்டு போதும்.

திரையில் தெரியும் நிறத்தை நம்புவது

மானிட்டர் வெளிச்சத்தில் பளபளக்கும் ஊதாவும் கிளிப்பச்சையும் அச்சகத்தின் நான்கு நிற (சிஎம்ஒய்கே) மையில் வராது. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டால் நிறம் இன்னும் ஒரு படி மங்கும். அடர்நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். இரவுக் காட்சி என்று நீங்கள் போட்ட படம் அச்சில் வெறும் இருட்டாக வந்து நிற்கும். மேட் போடுவதாக இருந்தால் படத்தை முன்கூட்டியே கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புங்கள். லேமினேஷன் போட்ட ப்ரூஃப் (மாதிரி அச்சு) ஒன்று கேட்டு வாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அந்த ஒரு ப்ரூஃபுக்கு ஆகும் செலவைக் கூலி பேசும்போதே பதிப்பாளரிடம் சேர்த்துப் பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.