ரெட்ரோவில் பேசியதெல்லாம் ஏன் காணாமல் போகிறது?

மென்பொருள் டீம்களில் ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்று முடிந்ததும் ரெட்ரோ, அதாவது நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். 'டெஸ்ட் சர்வர் அடிக்கடி விழுகிறது' என்று ஒருவர் எழுதி ஒட்டுகிறார், எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே வரி. பல டீம்களில் இதுதான் வழக்கம். மென்பொருளைச் சிறு சுற்றுகளாக உருவாக்கச் சொல்லும், 2001-இல் வந்த அஜைல் அறிக்கையின் 12-ஆவது கொள்கை, டீம் சீரான இடைவெளியில் தன்னைத் திரும்பிப் பார்த்து அதற்கேற்ப மாறச் சொல்கிறது. திரும்பிப் பார்ப்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

பெரிய தவறு, பெயர் போடாத முடிவு. 'டீம் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த தவறு, 'சாட் சேனலில் போட்டுவிட்டேன்' என்பதோடு வேலை முடிந்தது என நினைப்பது.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஜனவரி 31 இரவு, துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப்? பழைய பதிப்புக் கருவியில் ஓடி, அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயின. டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பு அவற்றுக்கு அமைக்கப்படாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. அனுப்பியாயிற்று, ஆனால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேரத்து நகல்தான் கடைசியில் கைகொடுத்தது.

அதன்பின் அவர்கள் வெளியிட்ட அறிக்கையை ஒவ்வொரு டீமும் படிக்க வேண்டும். அழித்தவர் பெயர் அதில் இல்லை, ஒரு பொறியாளர் என்றுதான் இருக்கிறது. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். பேக்கப்பிலிருந்து மீட்பதை ஏன் யாரும் சோதிக்கவில்லை? அந்த வேலைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவரும் இல்லை. 'யார் செய்தது' என்று ஆரம்பித்திருந்தால் விசாரணை அந்தப் பொறியாளரோடு முடிந்திருக்கும், இந்தப் பதில் வெளியே வந்திருக்காது.

மேனேஜர் முதலில் பேசுவதும் தவறுதான். அவர் கருத்தைச் சொன்னபின் ஜூனியர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் முதலில் எழுதட்டும், அவர் கடைசியில் பேசட்டும்.

அப்புறம், பத்து ஆக்‌ஷன் ஐட்டம் போடாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும். ஒருவர் பெயர், ஒரு தேதி போட்டு அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலிலேயே டிக்கெட்டாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த ரெட்ரோ அந்த டிக்கெட்டைத் திறந்து பார்ப்பதில் தொடங்கட்டும்.