இதயத்தின் பம்பிங் குறைந்தவர்கள் மறுபடி அட்மிட் ஆவது ஏன்? வீட்டில் நடக்கும் தவறுகள்

ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய அளவு பம்ப் செய்ய முடியாத நிலை, உள்ளவர் மூச்சுத் திணறலோடு அட்மிட் ஆகிறார். ஊசி போட்டு, தேங்கிய நீரை இறக்கி, ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாதம் முடிவதற்குள் மறுபடி அதே வார்டு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அப்படி இல்லை. மூச்சு வாங்குவதற்குப் பல நாட்கள் முன்பே உடம்பில் நீர் சேர ஆரம்பித்திருக்கும். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதற்கு எடை மெஷின் போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். கால் வீங்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. படுத்தால் இருமல், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் என்பதையும் சளி என்று நினைத்து சிரப் குடிப்பவர்கள் நிறைய.

அடுத்தது தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை. கல்யாணம், பஸ் பயணம் என்றால் பலரும் முதலில் நிறுத்துவது இதைத்தான். வழியில் பாத்ரூம் கிடைக்காது என்ற பயம் நியாயமானது. ஆனால் நிறுத்தத் தேவையில்லை. போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் வழி சொல்வார். மூச்சு சரியாகிவிட்டது என்று மற்ற மாத்திரைகளைத் தாங்களே விடுவதும் இதே கதைதான். மூச்சு சரியாக இருப்பதே அந்த மாத்திரைகளால்.

உப்பு விஷயத்தில் குழம்பில் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வைத்தால் குறைத்த உப்பு திரும்ப வந்துவிடும். கருவாடு பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், இதயத்துக்கு வித்தியாசம் தெரியாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். இதயத்துக்காக ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, தினமும் குடிப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இரண்டு பழக்கங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்யும். நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். இன்னொன்று, அசதியாக இருக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் ஏத்திக்கிறது". அசதிக்குக் காரணமே நீர் தேங்கியதாக இருக்கலாம். அதன் மேல் அரை லிட்டர் சலைன் ஏற்றினால் ராத்திரி ஆம்புலன்ஸ்தான். இதயப் பிரச்சினை என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன ஒன்றிரண்டு வாரத்தில் வரும் செக்கப்பை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று தள்ளிப்போடுவதும் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்து டோஸை மாற்றும் நாள் அது. எடை குறித்த காலண்டர் தாளையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வலிக்கு வாங்கியதையும் சேர்த்து.