திங்கள் முதல் சனி வரை: தோட்டப்புறத்தில் விசுவாச வாழ்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு கிறிஸ்தவர் ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தோடு ஆலயத்துக்குப் போவதை அக்கம்பக்கத்தார் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர் கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா, வீட்டில் எப்படிப் பேசுகிறார், வேலையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மற்ற ஆறு நாட்களும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, புறப்படுமுன் ஒரு சங்கீதத்தை வாசித்து, அன்று சந்திக்கப்போகிறவர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த ஜெபத்தின் உண்மை வேலையிலும் பணத்திலும் வெளிப்படும்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை பழுத்ததும் பழங்கள் தாமாகவே மரத்தடியில் உதிரும். அதைப் பார்த்துத்தான் குலையை வெட்ட வேண்டும். கணக்குக் கூடட்டும் என்று காயை வெட்டுவதும், புல்லுக்குள்ளும் மட்டை முள்ளுக்கிடையிலும் கிடக்கும் உதிரிப் பழங்களை ஓலையால் மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதும் எளிது. எண்ணெய் மிகுந்திருப்பதோ அந்த உதிரிப் பழங்களில்தான். மேற்பார்வையாளரான மண்டோர் எட்டிப் பார்க்காத நிரையிலும் குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறவர், கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்டுக்கொண்டபடி கர்த்தருக்கென்றே வேலை செய்கிறார்.

நீங்களே குத்தகைக்காரராகவோ கடைக்காரராகவோ இருந்தால் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை அடிக்கடி வாசியுங்கள். கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்றும், எடையிலும் அளவிலும் அநியாயம் செய்யக் கூடாது என்றும் அது கட்டளையிடுகிறது. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மொழி தெரியாத வங்காளதேசத் தொழிலாளிக்கும் அது பொருந்தும்.

நம் ஊர்களில் விசுவாசம் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் சீட்டுப் போன்ற கூட்டுப் பணம் என்பது என் எண்ணம். பத்துப் பேர் மாதம் 200 ரிங்கிட் போட்டால் மாதந்தோறும் ஒருவர் கையில் 2,000 ரிங்கிட் சேரும். முதலில் எடுத்தவர் மற்ற ஒன்பது பேருக்கும் கடன்காரர். கடைசியில் எடுப்பவருக்கோ அவர்களுடைய வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. என் தாயார் அப்படிக் கடைசி மாதத்துக்குக் காத்திருந்து ஏமாந்தார். முதல் மாதமே பணத்தை எடுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டவர், சபையில் எழுந்து சாட்சி சொல்லும் ஒருவர். “உங்க சபை ஆளுதானே?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி, போன பணத்தைக் காட்டிலும் அம்மாவை வருத்தியது.

கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆகவே கூட்டுக்குத் தலைமை ஏற்காதீர்கள்; புதிதாகச் சேரவும் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே பணத்தை எடுத்துவிட்டவர், சட்டத்தைச் சாக்காக்கி மீதித் தவணையை நிறுத்தினால் அது திருட்டு. கட்ட முடியாத மாதத்தில் ஒளியாமல், தேதிக்கு முன்பே நேரில் சென்று நிலைமையைச் சொல்லி, எப்போது தருவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். சேமிப்பதற்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தால் தோட்டங்களையே வாங்கியது. சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் அலோங்கிடம் மட்டும் எந்த நெருக்கடியிலும் போகாதீர்கள்.

தீபாவளிப் பலகாரம் வந்தால் என்ன செய்வது என்று பலரும் தயங்குகிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் பவுல் தெளிவாகவே வழி காட்டியிருக்கிறார்: ஒன்றையும் விசாரிக்காமல் சாப்பிடலாம், விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுத் தவிர்க்கலாம். தவிர்க்கும்போதும் பணிவாகச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்று அந்த வீட்டுக்கு முதல் தட்டை அனுப்புங்கள்.

துக்க வீட்டுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். நாற்காலி அடுக்கவும் காப்பி கலக்கவும் குவளை கழுவவும் அங்கே ஆள் தேவைப்படும். மரணம் வீட்டில் நேர்ந்திருந்தால் அடக்க அனுமதி வாங்கப் போக வேண்டியிருக்கும். வண்டி வைத்திருப்பவர் குடும்பத்தாரை அழைத்துச் செல்லலாம். அந்த நேரத்தில் மதம் பேசாதீர்கள். துக்கத்தில் தளர்ந்திருப்பவரிடம் வாய்ப்புப் பார்த்துப் பேசுவது அன்பாகாது.

சனிக்கிழமை இரவு, அந்த வாரம் யாரைக் காயப்படுத்தினோம் என்று நினைத்துப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. ஆகவே காணிக்கை உறையை எடுத்துவைக்கும் முன்பே நீங்கள் காயப்படுத்தியவரிடம் போங்கள். அவர் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவரானால், ஞாயிறு காலை ஷிப்டு முடிகிற நேரத்தில் ஆலை வாசலில் காத்திருங்கள். ஆராதனைக்குச் சற்றுத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.